லண்டன் ஜட்ஜ் "சிட்டி"யும் மானகிரி செட்டியாரும் சொந்தமா? ஒரே எழுத்தால் வந்த குழப்பம்!

மானகிரி:-

வக்கீல் ஆபீஸ் அலமாரிகளில் தடியாக ஒரு சட்டப் புத்தகம் இருக்கும். ஒப்பந்த வழக்கு என்றால் அதைத்தான் எடுத்துப் புரட்டுவார்கள். எழுதியவர் பெயர் ஜோசப் சிட்டி.

சி, எச், ஐ, டி, டி, ஒய். இதுதான் அந்தப் பெயருக்கு இங்கிலீஷ் எழுத்து.

இலங்கையில் தமிழ் நூல் எழுதிய சைமன் காசிச் செட்டியும் இதே ஆறு எழுத்தைத்தான் போட்டார். மலேசியாவில் மலாக்காச் செட்டிகளுக்கும் அதே எழுத்துதான். அப்படியானால் லண்டன் வக்கீல் நம்ம செட்டிநாட்டுக்கு உறவா?

இல்லவே இல்லை!

நாய்க்குட்டி

இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்தில் கேன்டர்பரி பக்கம் "சிட்டி" என்று சின்னக் கிராமம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரையே வைத்துக் கொண்டார்கள் என்பது ஒரு கணக்கு. பழைய இங்கிலீஷில் மிருகக் குட்டிக்கு அந்த மாதிரி ஒரு சொல் உண்டு, நாய்க்குட்டி மாதிரி துறுதுறுவென்று இருந்த எவனுக்கோ வைத்த பட்டப்பெயர் என்பது இன்னொரு கணக்கு. நம்ம ஊரில் வைக்காத பட்டப்பெயரா!

அப்பா ஜோசப் சிட்டி வக்கீல். மகனும் ஜோசப் சிட்டிதான். அவர்தான் 1826-ல் அந்தப் புத்தகத்தைப் போட்டவர். இன்னொரு மகனின் பிள்ளை சர் ஜோசப் வில்லியம் சிட்டி, ஜட்ஜாகவே உட்கார்ந்துவிட்டார்.

பெயர் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் போனது. அங்கே பாப் சிட்டி என்று முரட்டுக் கால்பந்து வீரர். 1951-ல் நெட் கெல்லி என்ற பிரபல கொள்ளைக்காரன் வேஷம் கட்டி சினிமாவில் நடித்தார். ஒரு பக்கம் ஜட்ஜ், ஒரு பக்கம் கொள்ளைக்காரன் வேஷம். ஒரே பெயர்தான்!

கப்பலில் ஏறிய சாதி

நம்ம "செட்டி" வேறு கதை. வடமொழியில் வணிகர் தலைவனுக்குச் சொல்லும் "சிரேஷ்டி"யிலிருந்து வந்தது என்பார்கள். சிங்களத்தில் அது "ஹெட்டி". ஹெட்டியாராச்சி என்ற பெயர் அதிலிருந்துதான்.

1860 நவம்பர் 16-ந்தேதி "ட்ரூரோ" கப்பல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு. கப்பல் கணக்கில் ஆள் பெயர், அப்பன் பெயர், வயது, சாதி, ஊர் என்று கட்டம் போட்டு எழுதினார்கள். அப்படிச் சாதிக் கட்டத்தில் இருந்த சொல் பல வீடுகளில் குடும்பப் பெயராகவே ஒட்டிக் கொண்டது. செட்டி, பிள்ளை, நாயுடு எல்லாம் இன்றைக்கும் டர்பனில் "சர்நேம்".

செட்டி என்றதும் எல்லாரும் காரைக்குடி நகரத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பட்டம் போட்ட சாதிகள் பல.

என்ன விலாசம்?

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் ரோட்டில் இருக்கிறது மானகிரி. இதுவும் நகரத்தார் ஊர்களில் ஒன்று. இங்கே "செட்டியார்" என்று சொல்லி ஒருத்தரை அடையாளம் காட்ட முடியுமா? அவர்கள் தெருவில் கல் எறிந்தால் செட்டியார் மேல்தான் விழும்!

அதனால் கேட்கிற கேள்வியே வேறு. "எந்த ஊரு? எந்தக் கோயில்? என்ன விலாசம்?"

இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று கோயில் ஒன்பது. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்தாக வேண்டும். வந்தால் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு "புள்ளி".

விலாசம் என்பது தபால்காரர் தேடுகிற விலாசம் இல்லை. பெயருக்கு முன்னால் வரும் எழுத்துக்கள். ஏவி.எம். என்றால் அதில் ஏ, வி இரண்டும் சேர்ந்து ஒரே ஆள், ஆவிச்சி செட்டியார். எம், அவர் மகன் மெய்யப்பன்.

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். அதனால் எழுத்து சுற்றிச் சுற்றி வரும். மு.சித.மு. சிதம்பரம் செட்டியாரைப் பாருங்கள். முத்தையா, சிதம்பரம், முத்தையா, மறுபடி சிதம்பரம்! 1937 பிப்ரவரி 10-ந்தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியவர் இவர். ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் கதவு திறந்தது.

பர்மாவில் இந்த விலாசம்தான் பணம். கடையில் உட்கார்ந்திருப்பவர் சம்பளத்து ஏஜெண்டாக இருப்பார். முதலாளி செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். ஆனாலும் காகிதத்தில் இருக்கிற எழுத்தைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பதும் வாங்குவதும்.

கட்டத்தில் என்ன எழுத?

கப்பலேறிப் போனவர்களுக்கு ஒட்டிக் கொண்ட வாலை இங்கே இருந்தவர்கள் வெட்டினார்கள். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் நின்றது.

வம்பு வந்தது பாஸ்போர்ட்டில். "சர்நேம்" என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டவர்கள் ஏராளம். 2022 நவம்பரில் துபாய், அபுதாபி இருக்கிற அமீரக அரசு, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டது. பெட்டி கட்டியவர்கள் திண்டாடினார்கள். அப்புறம் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயரை சர்நேம் ஆக்கிவிட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பெயர் தெரியாது" என்பதற்கு மூன்றெழுத்து போடுகிறார்கள். பெற்று வளர்த்துப் பெயர் வைத்த பிள்ளைக்கு!

இப்போது பல பேர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறார்கள். மகனுக்கு ஒரு சர்நேம். பேரனுக்கு வேறு சர்நேம். கல்யாணமாகி வந்த மருமகள் தன் அப்பா பெயரோடு வந்தால் மூன்றாவது சர்நேம். ஏர்போர்ட் கவுண்டரில் ஒரே குடும்பம் என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

கோயில் கணக்கில் மட்டும் தாத்தா, மகன், பேரன் மூன்று பேருக்கும் ஒரே கோயில்தான்.