இடுப்பெலும்பு முறிஞ்சா, ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன நடக்கணும்?

எங்க பருத்திப்பட்டு ஏரி பூங்காவுல சாயங்காலம் நடந்தா நிறைய தாத்தா பாட்டிகளைப் பார்க்கலாம். அவங்கள்ல ஒருத்தர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியலன்னா என்ன பண்றது?

விழுந்த பக்கத்துக் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமா திரும்பியிருந்தா, இடுப்பெலும்பு முறிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். தூக்கி நிறுத்திப் பார்க்காதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க.

இந்த நேரத்துல யாராவது ஒருத்தர் ‘புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்’னு சொல்லுவாங்க. மணிக்கட்டை வெளியிலிருந்து கட்டி அசையாம வைக்கலாம். இடுப்பு மூட்டு சதைக்குள்ள ஆழத்துல இருக்கு, எந்தக் கட்டும் அதைப் பிடிச்சு வைக்காது. வாரக்கணக்கா படுத்தே கிடந்தா படுக்கைப்புண், நிமோனியா, கால்ல ரத்தக்கட்டுன்னு வரிசையா வரும். உயிருக்கு ஆபத்தே அங்கதான்.

சரி, எவ்வளவு சீக்கிரம் ஆபரேஷன்? பிரிட்டனோட நைஸ் வழிகாட்டுதல், அட்மிட் ஆன அன்னைக்கு அல்லது மறுநாள்னு சொல்லுது. இன்னும் வேகமா செஞ்சா? இந்தியா உட்பட 17 நாடுகள்ல 2,970 பேரை வெச்சு ‘ஹிப் அட்டாக்’னு ஒரு ஆய்வு நடந்து, 2020-ல லான்செட்ல வந்துச்சு. சுமார் 6 மணி நேரத்துல செஞ்சவங்களுக்கும் 24 மணி நேரத்துல செஞ்சவங்களுக்கும் இறப்புல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா சீக்கிரம் செஞ்சவங்களுக்கு மனக்குழப்பம் குறைவா வந்துச்சு, சீக்கிரமே எழுந்தும் நின்னாங்க. அதாவது சில மணி நேரம் முன்ன பின்ன ஆனா பதற வேண்டாம், காரணமில்லாம நாள்கணக்குல தள்ளவும் கூடாது.

அந்த இடைவெளியில ரத்தப் பரிசோதனை, இசிஜி, மயக்க மருந்து டாக்டர் பார்க்கிறது எல்லாம் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு இல்லாம, ஒரே நேரத்துல நடக்கணும். நம்ம பாஷையில பேரலல் பிராசஸிங். சுகர், ரத்தசோகை, உப்புக் குறைபாடு இருந்தா உடனே சரிசெய்ய ஆரம்பிக்கணும்.

நீங்க கேட்க வேண்டியது மூணு:

வலிக்கு நரம்பு பிளாக் ஊசி போடுவீங்களா? வலியைத் தாங்கிக்கிட்டே படுத்திருந்தா பெரியவங்களுக்குக் குழப்பம் கூடும். கால்ல எடை கட்டித் தொங்கவிடுறதால வலி குறையும்னு காக்ரேன் அலசல்ல ஆதாரம் கிடைக்கல.

எப்ப வரைக்கும் சாப்பிடலாம்? பொதுவா சாப்பாடு 6 மணி நேரம், தண்ணி 2 மணி நேரம் முன்னாடி நிறுத்தினா போதும். ஆபரேஷன் தள்ளிப்போனா திரும்பக் கேளுங்க, நாள் முழுக்கப் பட்டினி போடாதீங்க.

ரத்தம் உறையாம இருக்க எடுத்துக்கிற மாத்திரையை என்ன பண்றது? நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் முடிவு பண்ணட்டும்.

பக்கத்துல இருக்கும்போது கண்ணாடி, காது மெஷினை எடுத்துக் கொடுங்க. இன்னைக்கு என்ன கிழமை, எங்க இருக்கோம்னு பேசிக்கிட்டே இருங்க.

இந்த எபிசோடு முடிஞ்சதும் வீட்டுப் பெரியவங்களோட மாத்திரை அட்டைகளை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கேஷுவால்டில முதல்ல அதைத்தான் கேட்பாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!