வீட்டினுள் வளரும் இலையழகுச் செடிகள்

மேடவாக்கத்தில் முன்னாளில் வீடென்றால் வாசலில் துளசியும் கொல்லையில் வாழையும் நிற்க மண் இருந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அங்கு வாழ்வோர் தொட்டிச் செடிகளை நாடுகின்றனர். ஆனால் வாங்கிய செடி சில வாரங்களிலேயே அழுகிவிடுவதுண்டு. வாங்கியவருக்குப் பண நட்டம். அவர் மறுமுறை வாராமையால் செடி வளர்க்கும் நம்மவர்க்கும் நட்டம். ஆகவே செடி எதனால் மடிகிறது என்பதை இருவரும் அறிதல் நலம்.

பெரும்பாலும் மிகுதியாக ஊற்றிய நீரே அதற்குக் காரணம். மணிப்பிளான்ட், அக்லோனீமா போன்றவை வெப்பநாட்டுக் காடுகளின் மரநிழலில் தோன்றிய இனங்கள். ஆதலால் குறைந்த வெளிச்சத்தையும் பொறுக்கும். எனினும் வெளிச்சம் குறையக் குறையச் செடி நீரை ஈர்ப்பதும் குறையும். எஞ்சிய நீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றிவிட, வேர் மூச்சின்றி அழுகும். இலை வாடும். அதைத் தாகமென்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் பலர்!

நாள் கணக்கு வைத்து நீர் ஊற்றலாகாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் செலுத்தி, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுக. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மண் மெல்லவே உலரும். அடியில் துளையுள்ள மண்தொட்டி சிறந்தது. செம்மண், மக்கிய எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். நேர்வெயில் படாத சன்னலோரம் ஏற்றது. குரோட்டன்ஸ் மட்டும் விலக்கு. நல்ல வெளிச்சம் இல்லையேல் அதன் வண்ணம் மங்கிவிடும்.

பயிரிடுவோர், விற்பனைக்கு முன் இரண்டு மூன்று வாரம் செடிகளை நிழலில் வைத்துப் பழக்குதல் வேண்டும். நார் எடுத்துக் கயிறு திரிக்கப் பயன்பட்ட நம் மருளுக்கு உறவானது, மஞ்சள் விளிம்புள்ள ஸ்னேக் பிளான்ட். அதை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் கன்று வெறும் பச்சையாகும். கிழங்கைப் பிரித்து நட்டால் விளிம்பு மாறாது.

இரண்டு எச்சரிக்கைகள். தொட்டித் தட்டிலும் மணிப்பிளான்ட் புட்டியிலும் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாளில் கொசு வெளிவரும்; எனவே வாரம் ஒருமுறையேனும் நீரை மாற்றிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுக. டைஃபன்பாகியாவைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க.

இவற்றைச் சிறு தாளில் எழுதிச் செடியுடன் கொடுத்தனுப்புவது விற்பவர் கடமை. செடி தழைத்தால் வாங்கியவர் மீண்டும் வருவார். அண்டை வீட்டாரையும் உடன் அழைத்து வருவார்.