ரத்தத்துக்குள்ளே ஒரு ரேஸ்!

டயட் கோலா பார்ட்டியா நீங்க? அடுத்த முறை டின்னைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிச்சுப் பாருங்க. அஸ்பார்டேம் சேர்த்ததா இருந்தா, ஃபீனைல்கீட்டோனூரியா இருக்கிறவங்களுக்கு இது ஆகாதுன்னு ஒரு எச்சரிக்கை இருக்கும். யாருப்பா அவங்க?

1934, நார்வே. மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளின் சிறுநீரில் ஏதோ விநோத வாடை வருதுன்னு தவித்த ஓர் அம்மா, டாக்டர் ஃபோலிங்கைத் தேடிப் போனார். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டார் டாக்டர். பச்சையா மாறிடுச்சு! ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை அந்தப் பிள்ளைகளின் உடம்பு பக்குவப்படுத்தவே இல்லை. அது ரத்தத்தில் தேங்கி, மூளையைப் பதம் பார்த்துவிட்டது. பிறந்த சில நாளிலேயே கண்டுபிடிச்சு சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினா, பிள்ளை மற்ற பிள்ளைகள் மாதிரியே வளரும். அஸ்பார்டேமுக்குள்ளும் ஃபீனைல்அலனைன் இருக்கு. எச்சரிக்கை அதுக்குத்தான்.

சரி, எவ்வளவு தேங்கியிருக்குன்னு எப்படி அளப்பது? நமக்கு லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோமோல். நோய் கடுமையா இருந்தா 1,200-ஐத் தாண்டும். ஆனா ரத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் ஒண்ணுமண்ணா கலந்து கிடக்கே!

இங்கேதான் ரேஸ். பிசின் மணிகள் அடைச்ச குழாய்க்குள் கலவையை விட்டு, மேலிருந்து பஃபர் கரைசலை ஓடவிட்டா, பிசினோடு ஒட்டாதது முந்தி வரும். ஒட்டிக்கிட்டது கடைசியில் வரும். வெளியே வந்ததும் நின்ஹைட்ரின் சேர்த்துச் சூடாக்கினா ஊதா நிறம். (லேபில் விரல் ஊதாவானவங்களுக்குப் புரியும்!) புரோலின் மட்டும் மஞ்சளா முறைக்கும். நியூயார்க்கில் ஸ்டான்ஃபோர்ட் மூரும் வில்லியம் ஸ்டைனும் சகாக்களோடு சேர்ந்து, 1958-ல் இதையெல்லாம் தானே செய்யும் மெஷினாக்கினாங்க. இருவருக்கும் 1972-ல் நோபல்.

அடுத்து வந்தது ஹெச்.பி.எல்.சி. மெல்லிய குழாய், அசுர அழுத்தம், மணிக்கணக்கு வேலை நிமிஷக்கணக்கில்! பெரும்பாலான அமினோ அமிலங்கள் தானா ஒளிராது. அதனால ஓ.பி.ஏ. என்ற ரசாயனத்தை ஒட்டி ஒளிர வைக்கிறாங்க. அதுக்கும் மசியாத ஆசாமி புரோலின்தான். அதுக்கு வேற மருந்து. இப்போ குழந்தைகளை முதல்கட்டமா சலிக்கிற வேலையைப் பல நாடுகளில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடுத்துக்கிச்சு. உறுதி செய்யவும், டயட்டைக் கண்காணிக்கவும் குழாய் ரேஸ் இன்னும் கைகொடுக்குது.

மெஷினைவிட வில்லங்கம் சாம்பிள்தான். ரத்த டியூப்பை மேஜை மேல் மறந்து வெச்சா குளூட்டமின் சிதைஞ்சு குளூட்டமேட் எகிறிடும். ரிப்போர்ட்டில் இல்லாத வியாதி முளைக்கும். அதனால எடுத்த கையோடு ஐஸில் வெச்சு, பிளாஸ்மாவைப் பிரிச்சு, உறைய வெச்சிடணும்.