பள்ளிக்கூடத்தின் அதிகாரம் யாரிடம்?

கல்வி எல்லோருக்கும் பொதுவானது என்பது நமது அரசியல் சட்டத்தின் அடிப்படை எண்ணம். ஆயினும், எங்கே பள்ளி திறப்பது, யாரை ஆசிரியராக நியமிப்பது, எந்த மொழியில் பாடம் சொல்வது என்பவற்றை முடிவு செய்யும் அதிகாரம் எல்லோரிடமும் இருந்ததில்லை. இந்த அதிகாரத்தைப் பெற்றிருந்தவர்களின் தேவைகளே பெரும்பாலும் முதலில் நிறைவேறி வந்துள்ளன. கல்வியில் காணும் ஏற்றத்தாழ்வுக்கு நிதிப் பற்றாக்குறை ஒன்றை மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

1951-ஆம் ஆண்டில் நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 18.33 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் இது ஏறத்தாழ 73 சதவீதமாக உயர்ந்தது. இம்முன்னேற்றம் பெரிது. ஆனால் அதே கணக்கெடுப்பில் ஆண்களின் எழுத்தறிவு 80.9 சதவீதமாகவும், பெண்களுடையது 64.6 சதவீதமாகவும் இருந்தது. பட்டியல் சாதியினரிடையே இது 66.1 சதவீதமாகவும், பழங்குடியினரிடையே 59 சதவீதமாகவும் நின்றது. சராசரி உயர்ந்தபோதும் இடைவெளி மறையவில்லை என்பதை இப்புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

இக்கேள்வி புதியதன்று. 1882-இல் ஹண்டர் தலைமையில் அமைக்கப்பட்ட கல்விக் குழுவிடம் ஜோதிராவ் புலே ஒரு விண்ணப்பம் அளித்தார். உழவர்களின் உழைப்பிலிருந்து பெறப்படும் வரிப்பணம் மேல்வகுப்பினரின் உயர்கல்விக்குச் செலவாகிறது. உழவர்களின் பிள்ளைகளோ தொடக்கக் கல்வியும் இன்றி இருக்கின்றனர் என்பது அவரது வாதத்தின் சாரம். வரி செலுத்துபவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்னும் முரண்பாட்டை அவர் சுட்டிக்காட்டினார்.

அடுத்து, 1911-இல் கோபால கிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். உள்ளாட்சி மன்றங்கள் விரும்பினால் தத்தம் பகுதியில் கட்டாயக் கல்வியைப் புகுத்தலாம் என்ற அளவிலேயே அது அமைந்திருந்தது. அவ்வளவு எளிய முயற்சியும் 1912-இல் தோற்கடிக்கப்பட்டது. அரசுத் தரப்பினரோடு நிலவுடைமையாளர்களின் பிரதிநிதிகளும் அதனை எதிர்த்தனர். கட்டாயக் கல்வி வந்தால் வயலில் வேலை செய்யும் சிறுவர்களின் உழைப்பு குறையும் என்ற அச்சம் அவ்வெதிர்ப்பின் பின்னால் இருந்தது.

நியமன அதிகாரம்

ஆசிரியரை யார் நியமிக்கிறாரோ அவருக்கே ஆசிரியர் கட்டுப்பட்டு நடப்பது இயல்பு. இதனால்தான் நியமன அதிகாரம் கடுமையான போராட்டங்களுக்கு இடமாகியுள்ளது. 1957-இல் கேரள அரசு கொண்டுவந்த கல்வி மசோதா இதற்குத் தக்க சான்று. அரசு நிதியுதவி பெறும் தனியார் பள்ளிகளில், அரசுப் பணித் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்தே ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று அது கூறியது. பள்ளி நிர்வாகங்கள் இதனை வன்மையாக எதிர்த்தன. 1958-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆலோசனை பெறப்பட்டது. தொடர்ந்த கிளர்ச்சிகளின் முடிவில், 1959 ஜூலையில் மாநில அமைச்சரவையே கலைக்கப்பட்டது. அங்கு உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. நியமனமோ நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. செலவும் கட்டுப்பாடும் வெவ்வேறு இடங்களில் இருப்பது அங்கு மட்டும் காணப்படும் நிலையன்று.

விலகிச் சென்றவர்கள்

1964-இல் அமைக்கப்பட்டு 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு, பணம் படைத்தோருக்கு ஒரு வகைப் பள்ளியும் ஏனையோருக்கு வேறு வகைப் பள்ளியும் இருப்பது சமூகத்தைப் பிரித்துவைக்கும் என எச்சரித்தது. சாதி, மதம், வருமானம் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப்பள்ளி முறையையும் அருகமைப் பள்ளிகளையும் அது பரிந்துரைத்தது. தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற அதன் இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. பொதுப்பள்ளி முறையோ கொள்கை அறிக்கைகளிலேயே தங்கிவிட்டது.

இதன் விளைவு ஆழமானது. வசதியுள்ளோரும் அலுவலர்களும் தம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது, அரசுப் பள்ளியின் குறைகளை எடுத்துக்கூறித் தீர்வு காணும் வலிமை பெற்றவர்கள் அங்கிருந்து விலகிவிட்டனர். எஞ்சிய பெற்றோருக்குக் குறை தெரியும். ஆனால் அவர்கள் குரல் வட்டார அலுவலகத்தைத் தாண்டுவது அரிது. அரசு ஊழியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் நீதித்துறையினரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சேர்க்க ஏற்பாடு செய்யுமாறு 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டதன் உட்கருத்து இதுவே. அவ்வுத்தரவு நடைமுறைக்கு வரவில்லை.

வகுப்பறைக்குள்

பள்ளியில் பெயர் சேர்ந்துவிட்டதாலேயே சமத்துவம் வந்துவிடுவதில்லை. யார் முன்வரிசையில் அமர்வது, யார் பெருக்குவது, யார் தண்ணீர்ப் பானையைத் தொடுவது என்பவற்றில் ஊரின் படிநிலை வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகிறது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. 2004 ஏப்ரலில், சமையல் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறியது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதும் ஒரு பாடமே என்பதை இவ்வாணை உணர்த்துகிறது.

மொழியும் ஓர் அதிகாரமே. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்னும் நிலையில் பழங்குடிக் குழந்தை முதல் வகுப்பிலேயே ஊமையாகிவிடுகிறது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்ற 350-அ பிரிவு, 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒடிசா மாநிலம் 2006-07-இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது, இத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட ஓர் அடி.

சட்டம் தந்த உரிமை

2002-இல் நிறைவேறிய 86-ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு அளிக்க வேண்டும் என அது விதித்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. எனினும், சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014-இல் அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது.

இச்சட்டத்தின் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு பற்றியது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல், மேம்பாட்டுத் திட்டம் தயாரித்தல், மானியம் செலவாகும் முறையைக் கவனித்தல் ஆகியவை இதன் பணிகள். ஆனால் ஆசிரியர் வராவிட்டால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இக்குழுவுக்குத் தரப்படவில்லை. கூலி வேலையை விட்டுக் கூட்டத்துக்கு வரும் தாய்க்கு அன்றைய கூலி போகும். அவர் சொல்வதை ஏற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. இந்நிலையில் பல குழுக்கள் கையொப்பம் பெறும் அமைப்புகளாகச் சுருங்கிவிடுவதில் வியப்பில்லை.

இரு மாநிலங்களின் அனுபவம்

மத்தியப் பிரதேசத்தில் 1997-இல் கல்வி உறுதித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இல்லாத குடியிருப்பில், பழங்குடிப் பகுதியாயின் 25 குழந்தைகளும் பிற பகுதியாயின் 40 குழந்தைகளும் இருந்து, பெற்றோர் கோரினால் 90 நாட்களுக்குள் பள்ளி அமைக்க அரசு கடமைப்பட்டது. கேட்பதற்கு உரிமையும் கொடுப்பதற்குக் காலவரையறையும் இருந்ததால் ஆயிரக்கணக்கான பள்ளிகள் தோன்றின. ஆயினும், அங்கு நியமிக்கப்பட்டோர் மிகக் குறைந்த ஊதியம் பெற்ற ‘குருஜி’களே. எளியோருக்கு எளிய பள்ளி என்ற புதிய வேறுபாடும் இதனால் பிறந்தது.

நாகாலாந்து வேறு வழியில் சென்றது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆசிரியர்களின் ஊதியம் கிராமக் கல்விக் குழுவின் வழியாக வழங்கப்பட்டது. வேலை செய்யாத நாளுக்கு ஊதியம் இல்லை என்ற விதியைச் செயற்படுத்தும் அதிகாரமும் குழுவுக்குத் தரப்பட்டது. நாகாலாந்தின் கிராம மன்றங்கள் வலுவானவை. சாதிப் படிநிலை கடுமையாக உள்ள ஊரில் இதே அதிகாரம் ஊரின் வலியோரிடமே போய்ச் சேரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

செய்ய வேண்டியவை

இவ்வனுபவங்களிலிருந்து சில படிப்பினைகள் கிடைக்கின்றன. மேலாண்மைக் குழுவின் கோரிக்கைக்கு வட்டாரக் கல்வி அலுவலர் குறித்த நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரும் கடமை விதிக்கப்பட வேண்டும். கூட்டங்களைக் கூலி வேலை முடிந்த நேரத்தில் நடத்த வேண்டும். மானியமும் செலவும் பள்ளிச் சுவரில் எழுதப்பட வேண்டும். நலிந்த பிரிவினரின் பிரதிநிதிகளை அப்பிரிவினரே தேர்ந்தெடுக்கும் முறை உறுதி செய்யப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. தம் கையிலுள்ள அதிகாரத்தில் ஒரு பகுதியை, பள்ளியை நம்பியிருக்கும் பெற்றோருக்கு விட்டுக்கொடுக்க நிர்வாகம் முன்வர வேண்டும்.