ஊரமைப்பு விளையாட்டும் வாணிகமும்

எந்த ஊரும் தன்னந்தனியே வாழ்வதில்லை. தன்பால் மிகுந்ததைப் பிற ஊர்களுக்குக் கொடுத்து, தன்பால் இல்லாததை அவற்றிடமிருந்து பெற்றே ஒவ்வோர் ஊரும் வளர்கின்றது. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் புகழ்பெற்ற அவ்வூரில் விசைத்தறிகள் மிகுதி, பூச்சந்தையும் பெரிது. ஆயினும், தறி ஓட நூல் வேண்டும். சோற்றுக்கு உப்பு வேண்டும். வடக்கே இராசபாளையத்தில் நூற்பாலைகள் உள்ளன. தென்கிழக்கே தூத்துக்குடியில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. மேற்கே புளியங்குடி எலுமிச்சைக்கும், வடகிழக்கே சிவகாசி தீப்பெட்டிக்கும் பெயர்பெற்றவை. ஓர் ஊரின் குறையை மற்றோர் ஊர் நிறைவு செய்வதே வாணிகம்.

இவ்வுண்மையை விளையாட்டின் வாயிலாகவும் அறியலாம். கணிப்பொறித் திரையில் ஊர் அமைக்கும் விளையாட்டுகள் பல உள்ளன. 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த சிம்சிட்டி அவற்றுள் புகழ்மிக்கது. அதனை ஆக்கியவர் அமெரிக்க நாட்டினரான வில் ரைட் என்பார். ஆடுவோர் வெற்று நிலத்தில் சாலை இடுவர், வீட்டிற்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும் இடம் வகுப்பர், மின்னாற்றல் தருவர், வரி தண்டுவர். ஆயின், தொடக்கத்தில் அதனை ஒருவர் தனித்தே ஆட இயன்றது. அவருடன் பேரம் பேசவோ போட்டியிடவோ எவரும் இலர்.

அத்தகைய விளையாட்டில் பலர் கூடி வாணிகம் செய்ய வேண்டுமாயின் என்னென்ன தேவை? மேற்கூறிய ஐந்து ஊர்களையும் ஐந்து மாணவர்கள் ஆள்வதாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, வளங்கள் வேறுபட்டிருத்தல் வேண்டும். ஐந்து ஊர்க்கும் எல்லாப் பொருளும் ஒருங்கே கிடைத்தால், எவரும் எவரையும் நாடார், சந்தை வெறிச்சோடிவிடும். செருமானியரான கிளவுஸ் டோய்பர் 1995-இல் வெளியிட்ட கட்டான் என்னும் பலகை விளையாட்டு இதற்குச் சான்றாகும். அதில் செங்கல், மரம், கம்பளி, தானியம், கனிமம் ஆகிய ஐந்தும் வேண்டும். ஆயின் ஒருவர்க்கே ஐந்தும் எளிதில் அமைவதில்லை. ஆதலின், ஆடுவோர் தம்முள் பேசிப் பண்டமாற்றுச் செய்கின்றனர்.

இரண்டாவது, காலம் பொதுவாதல் வேண்டும். தனித்து ஆடுபவர் விரும்பும்போது ஆட்டத்தை நிறுத்தலாம், விரைவாகவும் ஓட்டலாம். ஐவர் ஆடும்போது ஒருவர் நிறுத்தினால் நால்வர் காத்திருக்க நேரும். எனவே, அனைவர்க்கும் ஒரே கடிகாரம் ஓட வேண்டும். ஒருவர் உறங்கும் வேளையில் மற்றொருவர் ஆடக்கூடும். அதற்கும் வழி உண்டு. விற்பவர் பொருளையும் விலையையும் சந்தையில் குறித்துவிட்டுச் செல்லலாம். வாங்குபவர் தமக்கு இயன்ற நேரத்தில் வந்து பெறலாம். 2014-இல் வெளிவந்த சிம்சிட்டி பில்டிட் என்னும் கைப்பேசி விளையாட்டின் வாணிகம் இம்முறையில் நடைபெறுகின்றது.

மூன்றாவது, கணக்கு நேர்மையாக இருத்தல் வேண்டும். இஃது இன்றியமையாதது. ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பொறியிலேயே கணக்கு வைத்தால், வஞ்சகர் ஒருவர் 10 மூட்டையை 1000 மூட்டையாகத் திருத்திவிடக்கூடும். அதனால் அனைவர்க்கும் பொதுவான நடுக் கணிப்பொறி ஒன்று பேரேட்டைக் காக்கின்றது. ஆடுவோர் வேண்டுகோள் விடுக்கலாமேயன்றி, ஏட்டைத் தொட இயலாது. மேலும், இராசபாளையத்து நூல் கைமாறுவதும் சங்கரன்கோவிலின் பணம் கைமாறுவதும் ஒருசேர நிகழ வேண்டும். இடையில் தொடர்பு அறுந்தால் இரண்டும் நிகழாதொழிய வேண்டும். இன்றேல் ஒருவர் பொருளை இழப்பார். மற்றவர் இரட்டிப்பாகப் பெறுவார்.

நடுக் கணிப்பொறியையே முற்றும் சார்ந்திருப்பதிலும் இடர் உண்டு. 2013 மார்ச்சு மாதத்தில் வெளிவந்த புதிய சிம்சிட்டியைத் தனித்து ஆடுவதற்கும் இணையத் தொடர்பு கட்டாயமாக்கப்பட்டது. ஒரே நேரத்தில் பெருந்திரளானோர் நுழைய முயன்றதால் நடுக் கணிப்பொறிகள் திணறின. விலை கொடுத்து வாங்கிய பலர் வாயிலிலேயே நின்றனர். இணையமின்றி ஆடும் வசதி 2014-இல்தான் வந்தது. கூடி ஆட வழி செய்வோர், தனித்து ஆட விரும்புவோர்க்கும் கதவைத் திறந்து வைத்தல் வேண்டும்.

நான்காவது, விலை தேவைக்கேற்ப மாற வேண்டும். 1999-இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டின் இரண்டாம் பகுதியில், சந்தையில் ஒரு பொருளை வாங்க வாங்க அதன் விலை ஏறும். விற்க விற்க இறங்கும். நம் விளையாட்டில் இராசபாளையத்தார் பேராசையால் நூலைப் பதுக்கினால் என்னாகும்? சங்கரன்கோவிலின் தறிகள் ஓயும். ஆயின், வெளியூர் வணிகர் ஒருவர் சற்றுக் கூடுதல் விலைக்கு நூல் தர முன்வருமாறு விதி அமைத்தால், தறிகள் மீண்டும் ஓடும். பதுக்கிய நூலோ கிடங்கிலேயே தேங்கும். பதுக்கியவர் தம் இழப்பைத் தாமே உணர்வார்.

மாணவர்களே! வேறுபட்ட வளம், பொதுவான காலம், நேர்மையான கணக்கு, நியாயமான விலை ஆகிய இந்நான்கும் திரையில் தோன்றும் சந்தைக்கு மட்டும் உரியவை அல்ல. அடுத்த முறை உங்கள் ஊர்ச் சந்தைக்குச் செல்லும்போது, அங்குள்ள பொருள்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தன என்று கேட்டறியுங்கள். உங்கள் ஊரை வாழ்விக்கும் ஊர்கள் எத்தனை என்பதும், உங்கள் ஊரால் வாழும் ஊர்கள் எவை என்பதும் அப்போது விளங்கும்.