வெயிலை விடப் புழுக்கம் ஆபத்து: வயலில் உயிர் காக்கும் வழிகள்

மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. வியர்வையால் நம் உடம்பு குளிர்வதும் இப்படித்தான். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் பானையும் சரியாகக் குளிராது, உடம்பும் குளிராது.

காற்று 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால், ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். பூமி சூடாகச் சூடாகப் புழுக்கமும் கூடுவது இதனால்தான். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் கிடைப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. அது 35 டிகிரியில் சில மணி நேரம் நீடித்தால், நிழலில் சும்மா இருக்கும் திடகாத்திரமானவரின் உயிருக்கே ஆபத்து. பாகிஸ்தானின் ஜகோபாபாத் நகரம் இந்த அளவைச் சிறிது நேரம் தொட்டிருக்கிறது. வயலில் உழைப்பவருக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே ஆபத்து தொடங்கிவிடும்.

எனவே புழுக்கமான நாட்களில் நடவு, களையெடுப்பு போன்ற வேலைகளை அதிகாலையில் தொடங்கிக் காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். உடன் இருப்பவர் குழறிப் பேசினாலோ, மயங்கினாலோ நிழலில் படுக்க வைத்து, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.