புள்ளி ஓவியமும் அதற்குரிய கருவியும்

ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் 'டாங்கி காங்' என்னும் மின்னணு விளையாட்டை வெளியிட்டது. உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டி ஏணியில் ஏறும் சிறு மனிதன் ஒருவன் அதில் தோன்றினான். பின்னர் மரியோ என்னும் பெயரால் உலகமெங்கும் அறியப்பட்டவன் அவனே. அவனுக்குத் தடித்த மீசை, தலையில் தொப்பி, சட்டையின்மேல் வேறு நிறத்தில் தோள்வார் வைத்த வேலையுடை. அவனைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ இவற்றை அழகுக்காக மட்டும் அமைத்தாரல்லர். அவ்வுருவத்திற்குக் கிடைத்த இடம் நீளத்தில் 16, அகலத்தில் 16 ஆகச் சதுரப் புள்ளிகள் 256 மட்டுமே. அத்துணைச் சிறிய இடத்தில் வாயை வரைந்தால் அது வாயெனத் தோன்றாது. ஆதலின் பெரிய மூக்கின்கீழ் மீசை வந்தது. தாவும்போது தலைமயிர் அசைவதைக் காட்ட இயலாது, தொப்பி வந்தது. கையும் உடலும் ஒரே நிறமாயின் ஓடும்போது கை வீசுவது புலப்படாது, வேலையுடை வந்தது.

திரையிலுள்ள இத்தகைய புள்ளி ஒவ்வொன்றும் பிக்சல் எனப்படும். பிக்சல்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்து வரைவது புள்ளி ஓவியம். விளையாட்டில் பின்னணியினின்று பிரிந்து இயங்கும் உருவத்தை ஸ்பிரைட் என்பர். இக்காலத்துத் திரைகள் பலவற்றில் இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட பிக்சல்கள் உள்ளன, இடத்திற்குப் பஞ்சமில்லை. எனினும் அச்சிறு உருவங்களின் அழகை விரும்பி, இன்றும் அம்முறையிலேயே வரைவோர் பலர். புதிதாக வரையப் புகும் மாணவன் முதலில் கேட்கும் வினா, எந்த மென்பொருளைக் கொள்வது என்பதாகும். விலை மிகுந்ததே சிறந்ததாயிருக்கும் என்று அவன் கருதுவானாயின், அக்கருத்து இத்துறையில் பெரிதும் பிழைபடும்.

புள்ளி ஓவியன் கருவியினிடத்தில் வேண்டுவது ஒன்றே. தான் வைத்த புள்ளியை அது வைக்க வேண்டும். தான் வைக்காத புள்ளியை வைத்தல் கூடாது. இஃது எளியதுபோல் தோன்றும். ஆயினும் புகைப்படங்களைத் திருத்துவதற்கென அமைந்த பெரிய மென்பொருள்கள் இவ்விடத்திலேயே தவறுகின்றன. அவற்றில் தூரிகையால் சாய்வாக ஒரு கோடு இழுத்தால், கோட்டின் ஓரம் படிக்கட்டுப்போல் தோன்றாதிருக்கும்பொருட்டு, மென்பொருள் தானே இடைநிறங்களைச் சேர்த்துவிடுகின்றது. பெரிய படத்தில் இது நன்மையே. பதினாறு புள்ளி அகலமுள்ள முகத்திலோ அது கண்ணை மறைக்கும் அழுக்காகிவிடும். மூன்று நிறத்தில் வரைந்த உருவம் இருபது நிறம் பெற்றுவிடும்.

இதனைச் சோதித்தறிவது எளிது. மென்பொருளைத் திறந்து, பக்கத்திற்கு 16 பிக்சல் கொண்ட வெற்றுத்தாளை அமைத்து, ஒரே நிறத்தால் சாய்ந்த கோடு ஒன்று வரைந்து, அதனைப் பெரிதாக்கிப் பார்த்தல் வேண்டும். எடுத்த நிறமன்றி வேறு நிறம் கோட்டின் ஓரத்தில் காணப்படின், அவ்வியல்பை நிறுத்த வழியுண்டா என்று தேட வேண்டும். கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் தூரிகையை விடுத்துப் பென்சிலைக் கொண்டால் போதும். விளிம்பு வெட்டியதுபோல் நிற்கும். படத்தைப் பெரிதாக்கும்போதும் இதே விழிப்பு வேண்டும். இடைநிறம் சேர்க்காத முறையைத் தேர்ந்து, இருமடங்கு, மும்மடங்கு என முழு எண்ணாலேயே பெருக்க வேண்டும். ஒன்றரை மடங்காக்கினால் சில புள்ளிகள் ஒரு கட்டமாகவும் சில இரண்டு கட்டமாகவும் விரிந்து, நேரான முகம் கோணிவிடும்.

அடுத்து நோக்கத்தக்கது வண்ணத்தட்டு. 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் வானத்து மேகமும் தரைமேல் உள்ள புதரும் ஒரே படமே. வெண்ணிறத் தட்டால் மேகம். பச்சைத் தட்டால் புதர். ஆடியவருள் பலர் இதனை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை! தட்டிலுள்ள ஒரு நிறத்தை மாற்றினால் படமெங்கும் அந்நிறம் மாறுமாறு அமைந்த மென்பொருள், வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

உருவம் நடக்க வேண்டுமாயின் படங்கள் பல தேவைப்படும். முந்திய படம் மங்கலாகத் தெரிய, அதன்மேல் அடுத்ததை வரையும் வசதிக்கு 'வெங்காயத்தோல்' என்று பெயர். இயங்குபடம் வரைந்தோர் பண்டு கையாண்ட, வெங்காயத்தோல் போன்ற மெல்லிய தாளினின்று பிறந்த பெயர் அது. ஏஸ்பிரைட், பிஸ்கெல், பிக்சலோரமா ஆகிய மூன்றும் புள்ளி ஓவியத்திற்கென்றே எழுந்தவை; இவ்வசதி மூன்றிலும் உண்டு. டேவிட் கபெல்லோ 2001-இல் தொடங்கிய ஏஸ்பிரைட் விலைக்கு விற்கப்படுவது. அதன் மூலநிரல் எவரும் காணுமாறு வெளியிடப்பட்டுள்ளது. ஆயினும் 2016-இல் அதன் உரிமம் கட்டுப்பாடு உடையதாக மாறியது. முன்னிருந்த கட்டற்ற நிரலினின்று கிளைத்தது லிப்ரெஸ்பிரைட், அதற்கு விலையில்லை. பிக்சலோரமாவும் இலவசமாகக் கிடைப்பதே. பிஸ்கெல் இணைய உலாவியிலேயே இயங்குவது. கணிப்பொறியில் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. ஆனால் உலாவியின் நினைவில் மட்டும் படத்தை வைத்திருப்பவன், பிறரொருவர் அந்நினைவைத் துடைத்த நாளில் ஒரு மாத உழைப்பை இழக்க நேரிடும். பொதுக் கணிப்பொறியில் வரைவோர் அன்றன்று வரைந்ததைத் தனிக் கோப்பாக இறக்கிக் கொள்ளுதல் இன்றியமையாதது.

இவ்வசதிகளுட் சில இன்மையால் வேலை நடவாது என்று எண்ணற்க. மெக்கின்டாஷ் கணிப்பொறி 1984-இல் வெளிவருமுன், சூசன் கேர் என்னும் ஓவியர் அதன் சின்னங்களை முதலில் கட்டத்தாளிலேயே வரைந்தார். பக்கத்திற்கு 32 கட்டமாகக் கோடிட்டு, வேண்டிய கட்டங்களைக் கறுப்பாக்கினார். எரிக் பரோன் என்பவர் தனியொருவராகவே ஆண்டுகள் பல உழைத்து, 2016-இல் 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு விளையாட்டை வெளியிட்டார். அதன் உருவங்களைப் 'பெயின்ட்.நெட்' என்னும் எளிய மென்பொருளில் வரைந்து, பன்முறை அழித்து மீண்டும் வரைந்தார்.

வரைந்து முடித்த படத்தை எவ்வடிவில் சேமிப்பது என்பது இறுதி வினா. ஜேபெக் வடிவம் படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளைக் களைந்து சுருக்குவது. புகைப்படத்தில் அவ்விழப்பு தெரியாது. ஆனால் சிறு ஸ்பிரைட் ஒன்றின் முகம் முழுவதுமே அத்தகைய ஒரு கட்டத்துள் அடங்கிவிடும்! ஆதலின் விளையாட்டில் சேர்ப்பதற்குப் புள்ளி எதனையும் இழக்காத பி.என்.ஜி. வடிவமே ஏற்றது. அடுக்குகளும் வண்ணத்தட்டும் சிதையாத மூலக்கோப்பை அம்மென்பொருளின் சொந்த வடிவில் வேறாக வைத்துக்கொண்டால், அடுத்த மாதம் மீசையைச் சற்றே குறைக்க விரும்பினும் குறைக்கலாம்.